டொர்னாடோ எச்சரிக்கை பிறந்த கதை

1948 மார்ச் 20. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டிங்கர் விமானப் படைத் தளம். அன்றிரவு காற்று பலமாக வீசும், இடிமழை இருக்காது என்று தளத்தின் வானிலைப் பிரிவு சொல்லியிருந்தது. இரவு பத்து மணியளவில் தளத்துக்குள் புகுந்த டொர்னாடோ என்னும் சுழற்காற்று, வெளியே நிறுத்தியிருந்த விமானங்களை நொறுக்கிப் போட்டது. சேதம் சுமார் 1 கோடி டாலர்.

முன்கூட்டியே அறிய முடியாத இயற்கைச் சீற்றம் இது என்று விசாரணைக் குழு கைவிரித்தது. தளத்தின் தலைவர் ஜெனரல் போரம் அதோடு விடவில்லை. அறிய வழி உண்டா என்று பார்க்கும்படி தம் வானிலை அதிகாரிகளான மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷ், கேப்டன் ராபர்ட் மில்லர் இருவரையும் பணித்தார். பழைய டொர்னாடோக்கள் உருவான நாட்களின் வானிலை வரைபடங்களை அவர்கள் அலசினார்கள். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று, மேற்கிலிருந்து வறண்ட காற்று, உயரே வேகமான காற்றோட்டம்: இவை கூடும் இடத்தில்தான் ஆபத்து.

ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, வரைபடத்தில் அதே அமைப்பு தெரிந்தது. பிற்பகல் 2:50-க்கு எச்சரிக்கை வெளியானது. விமானங்கள் கொட்டகைகளுக்குள் போயின. ஆட்கள் பாதுகாப்பான இடங்களுக்கு நகர்ந்தார்கள். மாலை ஆறு மணியளவில் டொர்னாடோ மீண்டும் தளத்தைத் தாக்கியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

உண்மையில் டொர்னாடோவை முன்னறியும் முயற்சி 1884-லேயே தொடங்கியது. ராணுவ அதிகாரி ஜான் ஃபின்லி நூற்றுக்கணக்கான டொர்னாடோக்களின் விவரங்களைத் திரட்டி, சோதனை முறையில் முன்னறிவிப்புகளைத் தயாரித்தார். மேலிடமோ மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சியது. வானிலை அறிவிப்பில் டொர்னாடோவைக் குறிப்பிடவே தடை வந்தது. 1938 வரை அது நீடித்தது.

அந்த மௌனக் காலத்தில்தான் 1925 மார்ச் 18 வந்தது. மிசௌரி, இல்லினாய், இண்டியானா மாநிலங்களை ஒரே டொர்னாடோ சுமார் மூன்றரை மணி நேரத்தில், ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உழுது சென்றது. 695 பேர் மாண்டார்கள். முதலில் அடிபட்ட ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செய்தி போயிருந்தால்கூட எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். பீதியில் யாரும் சாகவில்லை, சொல்லப்படாததால் செத்தார்கள்.

டிங்கரின் வெற்றிக்குப் பிறகு, 1952 முதல் பொதுமக்களுக்கும் முன்னறிவிப்பு கிடைத்தது. 1990-களில் டாப்ளர் ரேடார் வலைப்பின்னல் வந்து, மேகத்துக்குள் காற்று சுழல்வதையே காட்டித் தந்தது.

இருந்தும் இறப்புகள் நிற்கவில்லை. டொர்னாடோவில் பலரைக் கொல்வது காற்று வாரியெறியும் தகரம், மரம், கண்ணாடி. காற்றில் எளிதில் கவிழ்ந்து சிதறும், அடித்தளமற்ற நடமாடும் வீடுகளில் இருப்பவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்லின் நகரில் சங்கு முன்கூட்டியே ஒலித்தும், பலர் உடனே ஒதுங்காமல் வேறு அறிகுறிக்காகக் காத்திருந்தார்கள். சுமார் 160 பேர் இறந்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இதைவிடப் பெரிய இழப்பும் நேர்ந்திருக்கிறது: 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தைத் தாக்கிய டொர்னாடோ சுமார் 1,300 பேரை பலிகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. உலகில் பதிவானவற்றில் அதுவே மிகக் கொடியது.

ஆபத்தை மக்களிடம் மறைக்காமல் சொல்லலாம் என்ற துணிவுக்கே அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சொன்னதும் ஒதுங்க, ஏழைக்கும் எட்டும் தூரத்தில் உறுதியான ஓர் அறை வேண்டும். அதையும் கட்டித் தந்தால்தான் ஃபின்லி தொடங்கிய வேலை முடியும்.