பழம் முதிருதா, உதிருதா?

கடைக்குப் பேர் வைக்கணும்னா ஒண்ணு சாமி பேரு, இல்லாட்டி முதலாளி அப்பாரு பேரு. நம்மூர் வழக்கம் அதுதானுங்க. ஆனா கொங்குப் பக்கம் புழங்கற சில கடைப் பேர்களைப் பிரிச்சுப் பார்த்தா சுவாரசியமா இருக்கு.

நீலகிரீஸ் தெரியுமில்ல? கோவையிலிருந்து மலைக்கு வெள்ளைக்காரங்களோட தபாலைச் சுமந்துக்கிட்டுப் போன முத்துசாமி முதலியார் 1905-ல ஆரம்பிச்ச வெண்ணெய் வியாபாரம். மலையில பால்பண்ணை, அதனால மலையோட பேரு. 2014-ல ஃபியூச்சர் குழுமம் சுமார் 300 கோடிக்கு வாங்கினப்பவும் அந்தப் பேரை மாத்தலை.

கூட்டுறவுக்காரங்க இன்னும் ஒரு படி மேல. திருவல்லிக்கேணியில காமதேனு, வேலூர்ல கற்பகம், கோவையில சிந்தாமணி. மூணுமே கேட்டதைக் கொடுக்கிற தேவலோகச் சமாச்சாரம். க்யூவுல நிக்கிற சனத்துக்கு இப்படி ஒரு பேர் வச்ச அதிகாரிக்கு நம்பிக்கை ஜாஸ்தியா, நக்கல் ஜாஸ்தியா? எப்படியோ, வடகோவையில சிந்தாமணி ஒரு பஸ் ஸ்டாப் பேராவே ஆயிருச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். பழமுதிர் நிலையம்.

1965-ல கோவையில ஆரம்பிச்ச பழ வியாபாரம் இது. பேரைக் கேட்டதும் முருகனோட ஆறாம் படைவீடு, அழகர்மலைப் பழமுதிர்சோலை ஞாபகம் வரும். சோலையை எடுத்துட்டு நிலையம். ரயில் நிலையம், போலீஸ் நிலையம் மாதிரி பழத்துக்கு ஒரு நிலையம்! எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது நடுவுல இருக்கிற புணர்ச்சிதான். பழம் + முதிர் = பழமுதிர். பழம் + உதிர்னாலும் அதே பழமுதிர்தான். சோலைக்கு ரெண்டுமே அழகு. பழக்கடைக்கு? முதிர்ந்தா காசு, உதிர்ந்தா நட்டம்! அவ்வையாருக்கு முருகன் உதிர்த்துப் போட்டதா சொல்ற நாவப்பழத்துல மண்ணு ஒட்டியிருந்த கதைதான் தெரியுமே.

திருமுருகாற்றுப்படையோட கடைசிப் பகுதியைப் படிச்சுப் பாருங்க. நக்கீரர் அங்க ஒரு அருவியை விடறார். அது பலாச்சுளை, இளநீர்க் குலை, வாழை, மிளகுக்கொடின்னு எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டு வருது. கிட்டத்தட்ட நம்ம கடை வாசல்தான்! அதுல வர்ற பழமுதிர்சோலை ஒரு தனி ஊர் இல்லை, பழம் பழுக்கிற எந்தச் சோலைக்கும் பொதுவான வர்ணனைதான்னு சொல்ற அறிஞர்களும் உண்டு.

அவங்க சொல்றது சரின்னா பொதுச்சொல் ஊர்ப்பேராச்சு, அது கடைப்பேராச்சு, இப்ப மறுபடியும் பொதுச்சொல்லே ஆயிருச்சு. தமிழ்நாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் ஜூஸ் மிக்ஸியோட ஒரு பழக்கடை இருந்தா அது 'பழமுதிர்'தான். "பழமுதிர்ல கால் கிலோ திராட்சை வாங்கிட்டு வா"ன்னா எந்தக் கடைன்னு யாரும் கேக்கறதில்லை. பேர் வச்சவங்களுக்கு இதைவிடப் பெருமை உண்டா? இதைவிட நட்டமும் உண்டா? அசல் கடைக்கு மிச்சம் இருக்கிறது முன்னாடி நிக்கிற 'கோவை'ங்கிற ஒத்தைச் சொல்லுதான்.

கம்பெனி பேரு இன்னைக்கு கேபிஎன் ஃபார்ம் ஃபிரெஷ். நக்கீரர் வரைக்கும் போற பேரை மூணு இங்கிலீஷ் எழுத்துல அடக்கிட்டாங்க. எனக்கென்னவோ மனசு ஒப்பலைங்க. அதுவும் நம்ம பக்கம் கேபிஎன்னு சொன்னா பாதிப் பேரு சேலத்துக்காரங்க பஸ்ஸைத்தானே நினைப்பாங்க!

உங்க ஊர் போர்டுல முதிரா, உதிரா? பார்த்துட்டு வந்து சொல்லுங்க மக்களே.