குழையும் யூரியாவும்: யாழ்ப்பாணத்து மண்வளப் பேணலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சேதனப் பசளையா, இரசாயனப் பசளையா என்னும் வினா அண்மைக்காலத்தில் இந்நாட்டில் ஓர் அரசியல் வினாவாகவே எழுப்பப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோதும், 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இவ்விரு பசளைகளையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவது வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதை, யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புக்கற் படிவின்மேல் அமைந்தது. நீர் அதனூடே விரைந்து வடியும். சேதனப் பொருள் அதில் இயல்பாகவே குறைவு. அத்தகைய மண்ணிலேதான் திருவிதாங்கூர்ச் சந்தைவரை சென்ற புகையிலை விளைந்தது. மாட்டெருவிடல், தோட்டத்தரையில் ஆடுமாடுகளைப் பட்டியடைத்தல், பூவரசு, காவிளாய் முதலியவற்றின் குழையைத் தாழ்த்தல், பனையோலை புதைத்தல் ஆகியன அவ்விளைச்சலுக்கு அடிப்படையாயின. வன்னிக் காடுகளிலிருந்தும் குழை கொண்டுவரப்பட்டது. எனவே தோட்டத்தின் வளம் தோட்டத்துக்குள்ளேயே தோன்றியதன்று. மேய்ச்சல் நிலமும் காடும் அதற்கு வேண்டியிருந்தன. துலா மிதித்தும் மண்கொத்தியும் குழை தாழ்த்தியும் அவ்வளத்தைப் பேணியோருட் பலர், நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினரான உழைப்பாளிகள். மரபுவழி வேளாண்மையைப் போற்றுவோர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

நீரிறைக்கும் இயந்திரத்தின் வருகையும், 1962இல் தொடங்கிய பசளை மானியமும் இந்நிலையை மாற்றின. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலையைப் பெற்றுக்கொடுத்தன. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஈரமான மாட்டெருவிலோ ஏறக்குறைய அரைப்பங்கே. 50 கிலோகிராம் யூரியா மூடையொன்று தரும் 23 கிலோகிராம் நைதரசனை எருவாற் பெறுவதாயின் நான்கரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். விவசாயி யூரியாவை நாடியமை அறியாமையாலன்று, இக்கணக்கை நன்கறிந்தமையாலேயாம்.

ஆயின் அதற்கு விலையும் இருந்தது. பயிர் உட்கொள்ளாத நைதரசன், மிகையான இறைப்பு நீருடன் நைத்திரேற்றாகக் கீழிறங்கிச் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நன்னீரை அடைந்தது. விவசாயச் செறிவுமிக்க பகுதிகளிற் பல கிணறுகளில், குடிநீருக்குரிய எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சிய நைத்திரேற்று உள்ளதை 1980களின் ஆய்வுகள் புலப்படுத்தின. இப்பழி யூரியாவுக்கு மட்டும் உரியதன்று. மிகையாக இடப்படும் மாட்டெருவும் இறுதியில் நைத்திரேற்றையே தரும்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியது. 2021இல் நாடு முழுவதும் கண்ட பசளைத் தடையை வடபுலத்து விவசாயி முப்பதாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தார். இரண்டின் நோக்கமும் வேறு; எனினும் விவசாயியின் கருத்தைக் கேளாது மேலிருந்து விதிக்கப்பட்டமை இரண்டுக்கும் பொது.

நீண்டகாலப் பரிசோதனைகள் கூறுவது யாது? இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் 1843 முதல் கோதுமை பயிரிடப்படும் வயலில், ஆண்டுதோறும் தொழுவெரு பெற்ற பாத்தியின் சேதனக் காபன், எரு பெறாத பாத்தியினதைவிட இரண்டு மடங்குக்கு மேற்பட்டது. இந்தியாவில் 1970இல் தொடங்கிய பரிசோதனைகளில், நைதரசன் மட்டும் இடப்பட்ட பாத்திகளின் விளைச்சல் காலப்போக்கிற் குன்றியது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றுடன் எருவும் பெற்றவற்றில் அது நிலைத்தது. காரணம் தெளிவானது. எருவிலிருந்து உண்டாகும் உக்கல் நீரையும் போசணையையும் பிடித்துவைக்கின்றது. இரசாயனப் பசளை, பயிர் வேண்டும் வேளையில் வேண்டும் அளவை விரைந்து அளிக்கின்றது. முற்றிய குழை உக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தமக்கென எடுத்துக்கொள்வதால் ஏற்படும் தற்காலிகக் குறையையும் சிறிதளவு யூரியா ஈடுசெய்யும்.

ஆகவே வேண்டுவது கலப்பு. அதுவும் அளந்த கலப்பு. எரு தரும் நைதரசனைக் கணக்கிட்டு, அவ்வளவுக்கு யூரியாவைக் குறைத்தாலன்றிக் கிணற்று நீர் காப்பாற்றப்படமாட்டாது. எருவுக்கு மாடும், மாட்டுக்கு மேய்ச்சல் தரையும், குழைக்கு வேலிமரமும், இவையனைத்துக்கும் நியாயமான கூலி பெறும் உழைப்பும் வேண்டும். இவ்வடிப்படைகளை அமைக்காது ஒரு பசளையைத் தடைசெய்வதும், அவற்றை அழியவிட்டு மற்றொன்றை மானியத்தாற் பெருக்குவதும் ஒரே தவறின் இரு முகங்களேயாம்.