ஈயப் பூச்சு முதல் ருத்தேனியப் பூச்சு வரை

"ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்" என்று நம் வீடுகளில் ஒரு சொலவடை உண்டு. எதையும் பட்டும் படாமல் செய்பவர்களைக் கேலி செய்ய அதைச் சொல்வோம். ஆனால் ஒரு பெரிய தொழிலின் இரகசியமே அந்த வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பதை அடியேன் கைக்காசு போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றியதே இக்கட்டுரை. நான் கல்லூரிப் படியேறியவன் அல்லன். பிழை இருந்தால் அறிந்தோர் பொறுத்தருள்க.

வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் எங்களுடையது. என் தகப்பனார் பிழைப்புத் தேடி வந்து, சித்தூர்–வேலூர் சாலையில் உள்ள குடிபாலாவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்தார். கடை வாசலில் ஈயம் பூசும் பெரியவர் ஒருவர் துருத்தியோடு உட்கார்ந்திருப்பார். புளி போட்டுத் தேய்த்து, அண்டாவைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை ஒரு துணியால் சுழற்றித் தேய்ப்பார். "அடி சுத்தமா இல்லைன்னா மேல எது பூசினாலும் உரிஞ்சிடும் தம்பி" என்பது அவர் வாக்கு. பூச்சின் ஆயுள் பூச்சில் மட்டும் இல்லை, அதைத் தாங்கும் உலோகத்திலும் இருக்கிறது என்ற பாடத்தை முதலில் அவரிடம்தான் கேட்டேன்.

பின்னாளில் பழைய உலோக வியாபாரமும் சேர்ந்தது. 1996-ல் ஒரு காஸ்டிக் சோடா ஆலையின் ஏலத்தில் டைட்டானிய வலைத் தட்டிகள் சில வந்தன. மேலே கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். மணல் அடித்துச் சுரண்டி, லாரியில் அடுக்க வாகாகத் துண்டு துண்டாக வெட்டி, எடைக்கு விற்றேன். ஆறு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் மிச்சம் கிடந்த ஒரு துண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நயினாரே, இது மின்முனை. சுரண்டினதுகூடப் பெரிசில்லை. வெட்டாம வெச்சிருந்தா புதுப்பூச்சு போட்டு மறுபடி ஓட்டியிருக்கலாமே!" அன்று நட்டப்பட்டது பணம் மட்டுமல்ல, தொழில் தெரிந்தவன் என்ற என் எண்ணமும்தான். அந்த வெட்கமே என்னைப் படிக்க வைத்தது.

வரலாற்றுக்கு வருவோம். 1800-ல் வோல்டா மின்கலத்தைக் கண்டறிந்த அதே ஆண்டில், இலண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரத்தால் நீரைப் பிரித்தனர். ஒரு முனையில் ஹைட்ரஜன், மறு முனையில் ஆக்சிஜன். உப்புநீரில் இதையே செய்தால் ஒரு பக்கம் குளோரின், மறு பக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்குச் சுமார் 25 கிலோ ஹைட்ரஜன் கூடவே வரும். காவிரியில் 1934-ல் மேட்டூர் அணை எழுந்த பின், 1936-ல் அங்கே தோன்றிய இரசாயன நிறுவனம் தமிழ்நாட்டில் இத்தொழிலின் முன்னோடிகளில் ஒன்று.

அக்காலத்தில் குளோரின் வரும் முனை கிராஃபைட்டால் ஆனது. அது நாளுக்கு நாள் கரையும். கரையக் கரைய இரு முனைகளுக்கும் இடைவெளி கூடி, மின்சாரச் செலவு ஏறும். இதற்கு விடை கண்டவர் ஹென்றி பீர். டைட்டானியத்தின் மேல் ருத்தேனிய ஆக்சைடைப் பூசும் முறைக்கு அவர் 1960-களில் காப்புரிமை பெற்றார். இத்தாலியின் டி நோரா நிறுவனத்தார் அதை உலகெங்கும் கொண்டு சென்றனர். பூச்சின் தடிப்பு சில மைக்ரான்களே. தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பூசின மாதிரியும் பூசாத மாதிரியும்தான்! ஆனால் பல ஆண்டு உழைக்கும்.

இதில் நம்மவர் பங்கு என்ன? 1948 ஜூலை 25-ல் காரைக்குடியில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்ததே மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் தந்தார். டைட்டானியத்தின் மேல் பூச்சிட்ட, கரையாத மின்முனைகளை அங்குள்ள அறிஞர்கள் நம் நாட்டிலேயே உருவாக்கினர். பொதுமக்களை உள்ளே விடும் ஒரு நாளில் என் வெட்டுத்துண்டோடு நானும் போனேன். டைட்டானியத்தை அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கி, உலோக உப்புக் கரைசலைத் தூரிகையால் பூசி, 400–500 டிகிரி வெப்பத்தில் சுட்டு, மறுபடி பூசி மறுபடி சுடுகிறார்கள் என்று விளக்கினார்கள். எங்கள் கடை வாசல் பெரியவர் கண்முன் வந்து நின்றார்.

ஹைட்ரஜன் வரும் முனையின் கதை வேறு. முதலில் வெறும் இரும்பு, பிறகு நிக்கல். அமெரிக்கரான மர்ரே ரேனி, 1920-களில் நிக்கல்–அலுமினியக் கலவையைக் காஸ்டிக்கில் போட்டு, அலுமினியத்தை மட்டும் கரைத்தெடுத்தார். மிஞ்சியது பஞ்சு போன்ற நிக்கல். எண்ணெயை வனஸ்பதியாக்கும் தொழிலுக்காக வந்த அந்தப் பொருள், பின்னர் மின்முனைப் பூச்சாகவும் ஆயிற்று. நிக்கல்–மாலிப்டினக் கலவையும் ருத்தேனியப் பூச்சும் இப்பக்கமும் வந்தன. ஏன் இத்தனை பாடு? மின்னழுத்தத்தில் 0.1 வோல்ட் மிச்சமானால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 2.7 யூனிட் மிச்சம். மொத்தச் செலவே கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல். வியாபாரிக்கு இக்கணக்கு விளங்கும்.

அப்பூச்சு எதனால் அழிகிறது? ஆலை ஓடும்போது வரும் தேய்மானத்தைவிட, நிறுத்தும்போது வரும் கேடு பெரிது. மின்சாரம் நின்றதும், வரிசையாக இணைந்த கலங்களில் மின்னோட்டம் சிறிது நேரம் திசைமாறிப் பாயும். அப்போது ஹைட்ரஜன் பக்கத்துப் பூச்சு ஆக்சிகரணமடைந்து கரைகிறது. இதைத் தடுக்க, ஆலை நின்ற பின்பும் சிறிதளவு காப்பு மின்னோட்டத்தை விட்டு வைப்பதுண்டு. இன்னொரு பகை, நீரில் கலந்த இரும்பு. அது பூச்சின் மேல் படிந்து அதன் வேலையைக் கெடுக்கும். நீரை வடிகட்டாமல் குடிக்காதே என்று சமணரான எங்கள் வீட்டில் உயிர்க்கொலைக்கு அஞ்சிச் சொல்வார்கள். இங்கே உலோகத்தின் ஆயுளுக்காகவே நீரைச் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது.

பஞ்சாபின் நங்கல் உர ஆலையில் 1961 முதல் பக்ரா அணை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். அதையொட்டி 1962-ல் கனநீரும் வந்தது. அணை மின்சாரம் இரவிலும் வரும். இன்றைய திட்டங்கள் நம்பியிருப்பதோ பெருமளவு வெயிலையும் காற்றையும். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் என்பது இலக்கு. தூத்துக்குடித் துறைமுகத்திலும் 2025 செப்டம்பரில் ஒரு சிறு முன்னோடி ஆலை தொடங்கிற்று. சூரியன் தினம் மறையும். ஆலை தினம் நின்றால் பூச்சுக்குத் தினம் சோதனை. ஆகவே வருங்கால ஹைட்ரஜனின் விலை, தினமும் நின்று ஓடும் வாழ்க்கையை அந்தச் சில மைக்ரான் பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையும் பொறுத்திருக்கிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீட்டுப் பிள்ளைகள் கணிப்பொறி கற்பது நல்லதே. அவர்களில் ஒருவராவது உலோகமும் பூச்சும் கற்கட்டும் என்பது என் ஆசை. அந்த வெட்டுத்துண்டு இன்னும் என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. அதன் ஓரத்தில், நான் சுரண்டியும் போகாத கறுப்பு விரல் நகத்தளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பூசியவர் யாரோ, அடியைச் சுத்தமாகத் துலக்கித்தான் பூசியிருக்கிறார்.