படைவீரர் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும்: கேமரன் மலையில் குழந்தைப் பேணல் குறித்த ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைக் கடந்து வடக்கே செல்வோர் கியா பார்மை அடைவர். காய்கறித் தோட்டங்களும் சந்தைக் கடைகளும் நிறைந்த அவ்விடத்தின் அருகிலிருந்துதான் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் சாலை பிரிகிறது. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தானா ராத்தாவில், 1951 முதல் 1964 வரை, பிரிட்டிஷ் இராணுவம் தன் படைவீரர்களின் பிள்ளைகளுக்கென ஸ்லிம் பள்ளி என்னும் உறைவிடப் பள்ளியை நடத்தி வந்தது. அதே ஆண்டுகளில் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் ஆயாக்கொட்டகையிலும் தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் வளர்ந்தனர்.

ஒரே மலையில் ஒரே காலத்தில் வளர்ந்த இவ்விரு வகைப் பிள்ளைகளையும் யார், எக்காரணம் பற்றிப் பேணினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெற்றோர் செய்யும் வேலைக்கு இடையூறு நேராதிருக்க வேண்டும் என்னும் தேவையே இரண்டு ஏற்பாடுகளுக்கும் அடிப்படை என்பதும், அந்தப் பொறுப்பு எவர் மீது சுமத்தப்பட்டதோ அதைப் பொறுத்தே பிள்ளைகளின் எதிர்காலம் வேறுபட்டது என்பதும் நமது கருத்தாகும்.

எழும்பூரில் தோன்றிய முறை

படைவீரர் பிள்ளைகளைப் பேணும் வரலாற்றில் தமிழ்நாட்டிற்குத் தனியிடம் உண்டு. 1789 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதைகள் விடுதியின் கண்காணிப்பாளரானார். கிழக்கிந்தியக் கும்பெனியின் ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பெரும்பாலும் இந்தியத் தாய்மார்களிடம் பிறந்த சிறுவர்களே அங்கு வளர்ந்தனர். உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட பெல், அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் இதற்கு ஒத்துழைக்காதபோது, எட்டு வயது நிரம்பிய ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவனைக் கொண்டே இளைய மாணவருக்கு எழுத்துக் கற்பித்தார்.

மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பது திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறையென வழங்கியதை நாம் அறிவோம். பெல் 1797 இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக, ஏறத்தாழ இதே முறை 'மதராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது. 1801 இல் அடிக்கல் நாட்டப்பட்டுச் செல்சியில் எழுந்த படைவீரர் பிள்ளைகளுக்கான அரச இல்லமும் பின்னர் இம்முறையைக் கைக்கொண்டது. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதே இதன் சிறப்பாகக் கருதப்பட்டது.

இந்தியப் படைவீரரின் பிள்ளைகளும் முற்றிலும் கைவிடப்படவில்லை. சென்னைப் படையில் சிப்பாய்களின் மகன்களைச் சிறுவயதிலேயே பட்டியலில் சேர்த்து, வயது வரும்வரை சிறு ஊதியம் அளித்து வளர்க்கும் வழக்கம் இருந்தது. ஆகவே, தமிழனின் பிள்ளையாயினும் தந்தை படையில் இருந்தால் அரசு ஓரளவேனும் பொறுப்பேற்றது. இப்பிள்ளைகள் நாளைய படைவீரர்கள் என்னும் எதிர்பார்ப்பும் அதில் அடங்கியிருந்தது.

குளிர்மலையும் படைவீரர் பிள்ளைகளும்

சமவெளியின் வெப்பமும் நோயும் ஐரோப்பியப் பிள்ளைகளை மாய்க்கும் என்னும் அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுவாக இருந்தது. ஹென்றி லாரன்சின் முயற்சியால் 1847 இல் சனாவரிலும், அவர் மறைவிற்குப் பின் அவர் பெயரால் 1858 இல் உதகமண்டலத்திலும் படைவீரர் பிள்ளைகளுக்கான இல்லங்கள் தோன்றின. பின்னது இன்று லவ்டேல் பள்ளியாக அறியப்படுகிறது. இரண்டும் மலைவாழிடங்களில் அமைந்தமை தற்செயலன்று.

மலாயாவிலும் இதே சிந்தனை தொடர்ந்தது. தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைந்த பின், ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1934 இல் தானா ராத்தாவில் ஐரோப்பியச் சிறுவர்க்கான உறைவிடப் பள்ளியொன்றைத் தொடங்கினார். சிங்கப்பூரில் டாங்ளின் பள்ளியை 1925 இல் நிறுவியவரும் இவரே. 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதன் நெருக்கடியால் மலைப்பள்ளி மூடப்பட்டது. ஆனால், அதே அவசரகாலம் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் படைவீரர்களை மலாயாவுக்குக் கொண்டு வந்தது. குடும்பத்துடன் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வி தேவைப்பட்டது.

இத்தேவையை நிறைவு செய்யவே 1951 இல் ஸ்லிம் பள்ளி எழுந்தது. பர்மாப் போர்முனையில் பதினான்காம் படைக்குத் தலைமை தாங்கிய ஃபீல்டு மார்ஷல் வில்லியம் ஸ்லிம் அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மலாயாவின் பாசறைகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாணவர் இரயிலேறி வந்து, மலையடிவாரத்திலிருந்து கவச வண்டிகளின் காவலுடன் மேலே அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் சென்ற தாப்பாச் சாலையே அக்காலத்தில் மலைக்கிருந்த ஒரே மோட்டார்ச் சாலை. தேயிலையும் அவ்வழியேதான் இறங்கியது. 1964 இல் பள்ளி மூடப்பட்ட பின், அதன் வளாகம் மலேசிய இராணுவத்தின் பயன்பாட்டிற்குச் சென்றது.

தோட்டத்தின் ஏற்பாடு

ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் 1929 இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது, காடழிக்கவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் தென்னிந்தியத் தொழிலாளரே பெரிதும் அமர்த்தப்பட்டனர். கொழுந்து பறிக்கும் வேலை பெண்களின் கைகளை நம்பியிருந்தது. தாய் விடியற்காலையில் பிரட்டுக்குச் செல்ல வேண்டுமாயின் கைக்குழந்தையை எவரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயாக்கொட்டகை பிறந்த காரணம் இதுவே. வேலை செய்ய இயலாத வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் தொட்டிலாட்டிப் பிள்ளைகளைக் காத்தார். பாலூட்டும் தாய் இடைவேளையில் வந்து போனாள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்டப்பள்ளி இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. இக்கடமை கல்விச் சட்டத்தில் இடம்பெறாமல் தொழிலாளர் சட்டத்தில் இடம்பெற்றதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பிள்ளையின் கல்வி, குடியிருப்பும் குடிநீரும் போன்று, தொழிலாளரைத் தக்கவைக்கும் வசதிகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது. இதனால், பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்தினார். சில இடங்களில் தோட்டத்துக் கிராணியோ கங்காணியோ கூட ஆசிரியர் பொறுப்பை ஏற்றதுண்டு. இத்தகைய பள்ளிகளில் மூத்த மாணவன் இளையவர்க்குப் பாடஞ்சொல்ல நேர்ந்ததில் வியப்பில்லை. எழும்பூரிலிருந்து உலகெங்கும் சென்ற சட்டாம்பிள்ளை முறை, இங்கிலாந்தில் ஒதுக்கப்பட்டுப் பல காலம் ஆன பின்னும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வறுமையின் வடிவில் எஞ்சியிருந்தது.

இளைஞர்க்கான வழி

குழந்தைப் பருவத்தைக் கடந்ததும் இவ்வேறுபாடு மேலும் விரிந்தது. ஸ்லிம் பள்ளி மாணவர் இங்கிலாந்துப் பொதுத் தேர்வுகளை நோக்கிப் படித்தனர். தோட்டத்துப் பிள்ளையின் படிப்போ தொடக்கப்பள்ளியோடு பெரும்பாலும் முடிவுற்றது.

மலாயாவின் சொந்தப் படைக்கு எதிர்கால அதிகாரிகளை உருவாக்கும் நோக்கில் போர்ட்டிக்சனில் சிறுவர் பயிற்சிப் பிரிவு நிறுவப்பட்டு, 1953 ஜூலை 3 ஆம் நாள் சர் ஜெரால்டு டெம்ப்ளரால் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. இதுவே பின்னர் சுங்கை பெசிக்கு மாறி, அரச இராணுவக் கல்லூரியாக வளர்ந்தது. எல்லா இனத்தவர்க்கும் அதன் வாயில் திறந்திருந்தது. எனினும், ஆறாண்டுத் தமிழ்க் கல்வியோடு நின்ற தோட்டத்துச் சிறுவன் அவ்வாயிலை எட்டுவது அரிதாகவே இருந்தது.

அவனுக்கென இயங்கியவை சமூகம் தானே உருவாக்கிய அமைப்புகளாகும். 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழின் வழி வளர்த்த மாணவர் மணிமன்றமும், அதனைத் தொடர்ந்து ஊர்தோறும் கிளைத்த தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் வாசிப்பையும் மேடைப்பேச்சையும் இளையோரிடம் வளர்த்தன. அரசு படைவீரர் மகனுக்குச் செய்ததைத் தோட்டத்து மகனுக்குத் தமிழ்ச் சமூகம் தன் சிறிய கைப்பொருளைக் கொண்டு செய்ய முயன்றது எனலாம்.

1964 இல் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் தொடக்கப்பள்ளி முடித்தோர் அனைவரும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நிலை பிறந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பு வழியாக மேலே சென்றனர். ஸ்லிம் பள்ளி மூடப்பட்ட அதே ஆண்டில் இம்மாற்றம் நிகழ்ந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும், பிற நாட்டுப் படைவீரர் பிள்ளைகளுக்காக ஓர் அரசு ஏற்ற கடமையைத் தன் குடிமக்கள் அனைவரின் பிள்ளைகளுக்கும் விரிவாக்கச் சுதந்திர நாட்டின் அரசு முற்பட்டதை இவ்வாண்டு நமக்கு நினைவூட்டுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. படையும் தோட்டமும் தம் ஆட்களை வீட்டிலிருந்து பிரித்து வேலை வாங்கியவை. ஆதலின் இரண்டும் பிள்ளைகளைப் பற்றி எண்ண வேண்டியிருந்தது. ஆனால், படைவீரர் பிள்ளைக்கான செலவு அரசின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கான செலவு தேயிலையின் விலையோடு ஏறியிறங்கும் நிர்வாகக் கணக்கில் எழுதப்பட்டது. ஒன்று உரிமையாக வளர, மற்றொன்று சலுகையாகவே நின்றது.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பெருமளவில் பணிபுரிகின்றனர். தற்காலிக வேலை அனுமதியில் வருவோர் குடும்பத்தை உடன் அழைத்து வர இயலாது. அவர்களின் பிள்ளைகள் வேறு நாடுகளில் வளர்கின்றனர். பிள்ளையைப் பேணும் பொறுப்பே தோட்டத்தின் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. ஆயாக்கொட்டகையின் குறைகளை எண்ணும் நாம் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஸ்லிம் பள்ளியின் பழைய மாணவர்கள் தம் நினைவுகளையும் நிழற்படங்களையும் தொகுத்துப் பாதுகாத்துள்ளனர். தோட்டத்து ஆயாக்களைப் பற்றி அத்தகைய தொகுப்பு நம்மிடம் இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் வருகைப் பதிவேடுகளும் வரலாற்று ஆவணங்களே. பள்ளிகள் இடம் மாறும்போதும் தோட்டங்கள் கைமாறும்போதும் இவை எளிதில் அழிந்துபோகின்றன. தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளியின் பதிவேடுகளைப் படியெடுத்து வைப்பதும், முதியோரின் வாய்மொழிகளைப் பதிவு செய்வதும் உடனே தொடங்க வேண்டிய பணிகளாகும். கொட்டகையில் வளர்ந்த தலைமுறையினருள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.