ஏடும் பந்தியும்

லால்பேட்டைச் சுற்றுவட்டாரத்தினராகிய நாம், தில்லைக்கு வெளியே காத்துநின்ற நந்தனாரின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள். பஞ்சாபின் வரலாற்றிலும் அத்தகையதொரு வாயில் உண்டு.

சீக்கியரின் ஐந்தாம் குருவான அர்ஜன் 1604ஆம் ஆண்டு தொகுத்து முடித்த திருநூலில், தோல் தொழிலாளர் குலத்தில் தோன்றிய இரவிதாசரின் பாடல்களும் இடம்பெற்றன. குருத்துவாராவின் ‘லங்கர்’ என்னும் பொதுப்பந்தியில் சாதி பாராது யாவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர்.

ஆயினும் 1920 அக்டோபர் 12ஆம் நாள், அமிர்தசரஸ் பொற்கோயிலில், புதிதாகச் சீக்கியம் தழுவிய தாழ்த்தப்பட்டோர் கொணர்ந்த பிரசாதத்தைப் பூசகர்கள் ஏற்க மறுத்தனர். வழக்குத் திருநூலின்முன் வைக்கப்பட்டது. ஏடு திறந்து படிக்கப்பட்ட பாடல் எளியோர் பக்கமே பேசிற்று; பிரசாதம் ஏற்கப்பட்டது. பூசகர்களின் ஆதிக்கமும் சரிந்தது. அந்நிகழ்ச்சியோடு வலுப்பெற்ற அகாலி இயக்கத்தினர், 1924ஆம் ஆண்டு வைக்கத்திற்கு வந்து, தந்தை பெரியாரும் சிறை சென்ற அத்தெருவுரிமைப் போராட்டத்தில் இலவச உணவுச்சாலை நடத்தினர்.

இதில் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. சமத்துவம் ஏட்டில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது; அதனைத் திறந்து படித்து உரிமை கேட்போர் வேண்டும். சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்டதும் இதற்காகவே. இளைஞர்களே, ஏட்டைத் திறவுங்கள்!