கோப்பியை அரைத்தது யார்? உரலில் இருந்து எஸ்பிரெஸ்ஸோ வரை

போன மாதம் எங்கட குழுவுக்குள்ள ஒரு சின்னச் சண்டை. ஆறு பேர் காசு சேர்த்து, வீட்டில எஸ்பிரெஸ்ஸோ போடுறதுக்கு ஒரு கை அரைப்பான் வாங்குவம் என்று முடிவெடுத்தம். எதை வாங்குறது என்பதில்தான் பிரச்சினை. கரண்டில ஓடுறது வேண்டாம் என்பதில மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டுப் பார்த்த ஆக்களுக்கு அதைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை.

உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கிற ஒரு நண்பரின் வீட்டில்தான் இந்த வாக்குவாதம் நடந்தது. கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "உரலில இடிச்சால் போகுதே பிள்ளையள், அதுக்கேன் இவ்வளவு காசு?"

நாங்கள் சிரிச்சம். பிறகு பதில் சொல்ல வெளிக்கிட்டால், பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

உரல் செய்யிற வேலை

முதலில் அம்மம்மாவின் பக்க நியாயம். எங்கட வீடுகளில கோப்பிக் கொட்டையைத் தாச்சியில போட்டுக் கறுக்க வறுத்து, சில வீடுகளில மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து, உரலில இடித்து, அரித்து, போத்தலில அடைத்து வைப்பினம். உலக்கை கொட்டையை அறுப்பதில்லை, நொறுக்குகிறது. அதனால் தூளும் இருக்கும், குறுணியும் இருக்கும். அரிதட்டில தங்கினதைத் திரும்ப உரலில போடுவினம்.

இந்தத் தூளைக் கொதிதண்ணியில போட்டுக் கொஞ்ச நேரம் விட்டால், மண்டி அடியில தங்கும், மேலே தெளிவு நிற்கும். தண்ணிக்கு நேரம் இருக்கிறது. தூளில இருந்து சாரம் உடனே இறங்கும், குறுணியில இருந்து ஆறுதலாக இறங்கும். ஆகவே இந்தக் கோப்பிக்கு உரல் போதும். உரல் தாழ்ந்த கருவி இல்லை. அது வேறொரு பானத்துக்கான கருவி.

எஸ்பிரெஸ்ஸோவில நேரம் கிடையாது. ஏறக்குறைய 18 கிராம் தூளை இறுக்கி, 9 பார் அழுத்தத்தில தண்ணியைத் தள்ளி, 25 முதல் 30 செக்கன்களுக்குள் 36 கிராம் அளவுக்குப் பானம் எடுக்க வேண்டும். தண்ணியைத் தடுத்து நிறுத்துவது அந்தத் தூள் படுக்கை மட்டும்தான். உரல் தூளைப் போட்டால், தண்ணி குறுணி இருக்கிற பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும். ஓடின இடத்தில கசப்பு, ஓடாத இடத்தில புளிப்பு. இரண்டும் ஒரே கோப்பையில.

ஆகவே இங்கே வேண்டியது திரிகையின் தத்துவம். உழுந்து உடைக்கிற அதே திரிகைதான்: இரண்டு பரப்பு, நடுவில ஓர் இடைவெளி, கை சுற்றச் சுற்ற உள்ளே போனது அந்த இடைவெளியின் அளவுக்கு வந்து விழும். கை அரைப்பானில கல்லுக்குப் பதிலாகப் பல் வெட்டின உருக்குக் கூம்பு. இடைவெளியை மைக்ரோன் கணக்கில மாற்றலாம். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில ஆயிரத்தில் ஒரு பங்கு.

கொட்டை போனது, அரைப்பான் வரவில்லை

இனி நாங்கள் தேடினதில எங்களைத் தடுக்கிவிழ வைத்த பகுதி. இந்தத் தீவில கோப்பி புதுசு இல்லை. பிரித்தானியருக்கு முன்பே செடி இருந்தது. கண்டிப் பக்கத்தில பூவைக் கோயிலுக்கு வைத்தார்கள், இலையைக் கறிக்குப் போட்டார்கள் என்று அந்தக்காலப் பதிவுகள் சொல்கின்றன. 1820களில் கம்பளைப் பக்கம் பெருந்தோட்டம் தொடங்கியது. 1834இல் மேற்கிந்தியத் தீவுகளில அடிமை முறை ஒழிக்கப்பட்டு அங்கே கோப்பி சரிந்தது. 1835இல் கிழக்கிந்தியக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியா ஒரே தீர்வை என்று ஆக்கியது. அதற்குப் பிறகு மலைநாட்டில காடு நின்ற இடமெல்லாம் கோப்பி.

அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டில இருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்து போனவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. 2023இல், மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில இருந்து மாத்தளை வரை ஆட்கள் நடந்தது அந்தப் பாதையைத்தான்.

1870 அளவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடி இறாத்தல் கோப்பி இங்கிருந்து போனது. எல்லாம் பச்சைக் கொட்டையாக. தோட்டத்தில பழத்தோல் உரித்து, காயவைத்து, வண்டியிலும் 1867க்குப் பிறகு கண்டி ரயிலிலும் கொழும்புக்கு இறக்கி, அங்கே மேலோடு நீக்கித் தரம் பிரித்துக் கப்பல் ஏற்றினார்கள். எங்கட துறைமுகம் உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில ஒன்று என்று பள்ளிக்கூடத்தில படித்தோம். அது 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. கோப்பியின் பெரிய வாசல் கொழும்புதான்.

ஏன் பச்சைக் கொட்டை? பச்சைக் கொட்டை மாதக்கணக்கில கெடாது. வறுத்தால் சில கிழமைகளில வாசம் போகும். அரைத்தால் அதைவிடக் கெதியாகப் போகும். ஆகவே வறுப்பதும் அரைப்பதும் எப்போதும் குடிக்கிறவனுக்குப் பக்கத்திலதான் நடக்கும். அதாவது, அரைப்பான் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்தச் சரக்கு யாருக்காக விளைகிறதோ அவர் இருக்கிறார்.

பிரான்சில பேஜோ குடும்பம் தங்கட முதலாவது கோப்பி அரைப்பானைச் செய்தது 1840இல். கார் செய்ய முன்னமே அவர்கள் இதைச் செய்தார்கள். இங்கே கோப்பிப் பித்து ஏறியதும் அதே 1840களில்தான். ஐரோப்பியச் சமையலறைகளில மடியில வைத்துச் சுற்றுகிற மரப்பெட்டி அரைப்பான்கள் பெருகின. எங்கட பக்கத்தில உரல் உரலாகவே இருந்தது.

பிறகு 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலையில செம்மஞ்சள் புள்ளி கண்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். இருபது வருடத்துக்குள் பெருந்தோட்டக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பட்ட கோப்பி மரங்களின் தண்டுகளை இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்றொரு கதை இருக்கிறது. மிஞ்சினது வீட்டுத்தோட்டக் கோப்பி. அம்மம்மாவின் உரலுக்கு வந்தது அதுதான்.

எஸ்பிரெஸ்ஸோ ஏன் வீட்டுக்கு வரப் பிந்தியது?

மிலானில லூய்ஜி பெட்செரா 1901இல் நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டார். இன்றைக்கு நாங்கள் காணுகிற நுரை படர்ந்த எஸ்பிரெஸ்ஸோ, அக்கீலே காஜ்ஜாவின் நெம்புகோல் இயந்திரத்தோடு 1940களின் கடைசியில வந்தது. அழுத்தம் கூடக்கூடத் தூள் இன்னும் நுணுக்கமாக, இன்னும் சீராக இருக்க வேண்டி வந்தது. அதைச் செய்ய மேசை அளவு மின் அரைப்பான் வேண்டும், அது கடையிலதான் இருந்தது. நெம்புகோலைக் கையால் அழுத்துகிற சின்ன இயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகும் அரைப்பான்தான் இடறியது. எஸ்பிரெஸ்ஸோவுக்கு நம்பி எடுக்கக்கூடிய கை அரைப்பான்கள் பரவலானது கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில்தான்.

சரி, எது நல்லது?

மலிவான பீங்கான் பல் அரைப்பான்: ஒரு நண்பரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அச்சு ஆடுகிறது, ஆடும்போது இடைவெளி மாறுகிறது. எஸ்பிரெஸ்ஸோ அளவுக்கு இறுக்கினால் 18 கிராம் அரைக்கக் கை கழன்றுவிடும். வடிகோப்பிக்கு ஓம், எஸ்பிரெஸ்ஸோவுக்கு இல்லை.

கொமண்டான்டே சி40, ஜேர்மனி: 39 மில்லிமீற்றர்ப் பல். வேலைப்பாட்டில குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு சொடுக்குக்கு இடைவெளி ஏறக்குறைய 30 மைக்ரோன் மாறும். எஸ்பிரெஸ்ஸோவில இது பெரிய பாய்ச்சல்: ஒரு சொடுக்கில தண்ணி சொட்டாது, அடுத்ததில ஓடிவிடும். இதைப் பாதியாக்கும் அச்சைத் தனியாக வாங்கலாம். அதுக்கு வேறு காசு.

வன்-இசட்-பிரெஸ்ஸோ ஜேஎக்ஸ்-ப்ரோ, தாய்வான்: 48 மில்லிமீற்றர்ப் பல், சொடுக்குக்கு 12.5 மைக்ரோன். எஸ்பிரெஸ்ஸோவை நினைத்தே செய்தது.

கிங்கிரைண்டர் கே6: இதுவும் 48 மில்லிமீற்றர், சொடுக்குக்கு 16 மைக்ரோன், விலை கொமண்டான்டேயின் பாதியிலும் குறைவு.

பல் அகலமாக இருந்தால் சுற்று குறையும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பலம் கூட வேண்டும். வெளிறின வறுவல் கொட்டை கல்லு மாதிரி. எங்கட ஊர்க் கறுத்த வறுவல் இலகுவாக உடையும். ஆகவே எங்கட கொட்டைக்கு ஆக விலை கூடியது தேவையில்லை. கே6 வாங்கினம். ஆரம்பிக்கிற ஆட்களுக்கும் அதையே சொல்லுவம். பார்க்க வேண்டியது பெயரை இல்லை: அச்சு ஆடாமல் இருக்கிறதா, சொடுக்கு 20 மைக்ரோனுக்குள் இருக்கிறதா, இந்த இரண்டையும்தான்.

முதல் கோப்பையை அம்மம்மாவுக்குக் கொடுத்தம். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது கோப்பி இல்லை மக்கள், கசாயம்" என்றா. பிறகு அரைப்பானைக் கையில எடுத்து, வெறுமனே ரெண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தா. "திரிகைதான்" என்றா.

ஓம் அம்மம்மா, திரிகைதான். ஜேர்மனியிலும் தாய்வானிலும் இருந்து சுற்றி, நூற்றைம்பது வருடம் பிந்தி வந்த திரிகை. கொட்டை கண்டிப் பக்கத்துக் கொட்டை. கப்பல் ஏறாமல் இங்கேயே வறுபட்டு, இங்கேயே அரைபட்டு, இங்கேயே குடித்து முடிகிறது. அந்தக் காட்டுப் பாதையால் நடந்து வந்து பறித்தவர்களுக்கு அதால் ஒன்றும் திரும்பிக் கிடைக்கப் போவதில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் தோட்டத்தில நாட்சம்பளத்துக்காகத்தான் நிற்கினம். எந்த அரைப்பான் நல்லது என்று இனி யாரும் எங்களிடம் கேட்டால், மைக்ரோன் கணக்கோடு இதையும் சேர்த்துத்தான் சொல்லுவம்.