எபியூசியோஸ்

எபியூசியோஸ் என்பது இயேசு கற்பித்த செபத்தில் உணவுக்கு அடைமொழியாக வரும் கிரேக்கச் சொல். புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே இது உள்ளது. கிரேக்கர் பேச்சில் இச்சொல் வழங்கவில்லை, நற்செய்தியாளர்களே இதை ஆக்கினர் என்று 3ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜன் கருதினார்.

பொருள்

'இன்றைக்குரிய', 'வரும் நாளுக்குரிய', 'வாழத் தேவையான' எனப் பலவாறு பொருள் கூறுவர். இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் லூக்காவில் 'அன்றாட' என்றார். மத்தேயுவிலோ 'இயற்பொருளைக் கடந்த' எனப் பொருள்படும் சொல்லை இட்டார். எகிப்தில் கிடைத்த பழைய செலவுக் கணக்கு ஒன்றிலும் இச்சொல் உள்ளதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. 1999இல் வெளியான ஆய்வு, அது எண்ணெயைக் குறிக்கும் வேறு சொல் எனக் காட்டியது.

தமிழில்

சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு 'வேண்டிய' என்கிறது. கத்தோலிக்கர் செபத்தில் 'அனுதின' என்பது வழக்கு. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் மத்தேயுவில் 'தேவையான' என்றும் லூக்காவில் 'அன்றாட' என்றும் பெயர்க்கிறது. மதுரையில் இரு சபையாரும் ஒரே செபத்தை வெவ்வேறு சொல்லால் சொல்கின்றனர்.

அடைமொழி ஐயத்துக்குரியது, 'எங்களுக்கு' என்பதில் ஐயமில்லை. உணவு கேட்பவர் 'எனக்கு' என்று கேட்பதில்லை. அந்த 'எங்களுக்கு' என்பதில் யார் யார் அடங்குவர்? மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தெயோபிலஸ் அப்பாவு, 'ஒரு உலை' என்ற கருத்தால் இதற்கு விடை கண்டார். சாதி பாராமல் ஒன்றாகப் பொங்கி, ஒன்றாக உண்பதே அது.